குரலோடு வாதாடாதீர்கள்: வீட்டில் ஒருவருக்கு மனச்சிதைவு வந்தால்

திருச்சிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். என் தம்பிக்குக் கல்லூரி இரண்டாம் வருடத்தில் மனச்சிதைவு நோய் (ஸ்கிட்சோஃப்ரினியா) தொடங்கியது. இப்போது அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. என்னோடுதான் இருக்கிறான், பகலில் கடையில் உட்காருகிறான். அவன் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மனநல டாக்டரின் சீட்டோடு கடைக்கு வருகிறவர்கள் கூட்டம் குறையும்வரை ஓரமாக நிற்பார்கள். அப்புறம் கிட்டே வந்து, "அக்கா, இது வெறும் தூக்க மாத்திரைதானே?" என்று மெல்லக் கேட்பார்கள். அவர்களுக்குக் கல்லாவில் நின்றபடி சொல்லி முடிக்க முடியாததெல்லாம் இங்கே.

என்ன நோய், எந்த மருந்து என்பதை டாக்டர் சொல்வார். வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன். அதில் முதலாவது: நோய் வந்தவர் நம்புவது பொய் என்று நிரூபிக்கிற வேலை உங்களுக்கு வேண்டாம். அதில் யாரும் ஜெயித்ததில்லை. அவருடைய தூக்கம், அவருடைய பயம், அவருடைய மாத்திரை, இந்த மூன்றும்தான் உங்கள் கைக்கு எட்டுபவை. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எது இந்த நோய், எது வேறு

டாக்டர் சீட்டில் 'சைக்கோசிஸ்' என்று எழுதியிருந்தால் உடனே இடிந்துபோக வேண்டாம். காய்ச்சல் மாதிரி அது ஒரு நிலை, காரணம் பல இருக்கும். இல்லாத குரல் கேட்பது, யாரும் மாற்ற முடியாத ஒரு நம்பிக்கை பிடித்துக்கொள்வது, பேச்சு கோர்வையில்லாமல் போவது, இதெல்லாம் சேர்ந்த நிலைக்கு அந்தப் பெயர். மனச்சிதைவு அதற்கு ஒரு காரணம். இருதுருவ நோயில் மனம் உச்சத்துக்குப் போகும்போதும் இது வரும், கடுமையான மனச்சோர்விலும் வரும். கஞ்சா, போதை மாத்திரை, நெடுநாள் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்துவது, வலிப்பு, தைராய்டு கோளாறு, மூளையில் அழற்சி என்று பட்டியல் நீளம். அதனால்தான் முதல் தடவை போகும்போது ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள், சிலருக்கு மூளை ஸ்கேனும். "பைத்தியத்துக்கு எதுக்கு ரத்தம் எடுக்குறாங்க?" என்று சண்டை போட்டுவிட்டு வந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது.

இரண்டு சந்தர்ப்பங்களில் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். ஒன்று, பிள்ளை பெற்ற பெண். பிரசவமான முதல் இரண்டு வாரத்துக்குள் தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டு, குழந்தையைப் பற்றி விபரீதமாக ஏதாவது சொன்னால் அது அவசர சிகிச்சைக்கு உரிய விஷயம். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு இப்படி வருகிறது. 'பச்சை உடம்புக்காரிக்குக் காத்து கருப்பு அண்டியிருக்கு' என்று வேப்பிலை செருகிக்கொண்டிருக்கும் நேரத்தில் தாயும் பிள்ளையும் போய்விடலாம். இரண்டாவது, வயதானவர். நேற்றுவரை நன்றாக இருந்த எழுபது வயதுப் பெரியவர் இன்று திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல், சுவரில் பூச்சி ஓடுகிறது என்று சொன்னால், அது பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு மாதிரி உடம்புக் கோளாறுதான். அவரை நேராகப் பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதை வைத்தும் பெயர் மாறும். ஒரு மாதத்துக்குள் முழுதாகச் சரியாகிவிடுகிற வகை உண்டு. மற்ற எல்லாம் ஒழுங்காக இருக்க, 'என் மனைவிக்கு வேறு தொடர்பு இருக்கிறது' என்ற ஒரே சந்தேகம் மட்டும் வருடக்கணக்கில் நிற்கிற வகையும் உண்டு. டாக்டர் முதல் நாளிலேயே பெயர் சொல்லவில்லை என்றால் அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம் இல்லை. அமெரிக்க மருத்துவர்களின் கையேட்டின்படி மனச்சிதைவு என்று உறுதியாகச் சொல்ல ஆறு மாதத் தொடர்ச்சி வேண்டும். அதற்காகச் சிகிச்சை ஆறு மாதம் காத்திருப்பதில்லை, அன்றைக்கே தொடங்கிவிடும். சீக்கிரம் தொடங்குகிறவர்கள்தான் பின்னால் நன்றாகத் தேறுகிறார்கள்.

ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ வரும். பெண்களுக்கு இன்னும் சில வருடங்கள் தள்ளி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவர். ஒரு நடுத்தரமான கல்யாண மண்டபக் கூட்டத்தில் ஒருவராவது இருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் வளர்ப்பினாலும் வருவதில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர ஏறத்தாழ பத்தில் ஒரு வாய்ப்பு. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில்கூட ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வர வாய்ப்பு பாதியோ அதற்கும் குறைவோதான். ஆகவே ரத்தம் மட்டும் காரணமில்லை. எங்கள் அம்மா சாகும்வரை, "அவனை அந்த ஹாஸ்டல்ல விட்டிருக்கக் கூடாது" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஹாஸ்டல் காரணம் இல்லை. ஆனால் பதின்வயதில் கஞ்சா பிடிப்பது இந்த நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது உண்மை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்ற பிள்ளைகளிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பேசுவது எப்படி

தம்பி ஒரு காலத்தில் சொல்வான்: "அக்கா, எதிர்வீட்டு டிவியில என்னைப் பத்திப் பேசுறாங்க." அப்பா உடனே எழுந்துபோய் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வந்து, "சார், நீங்களே சொல்லுங்க, அப்படிப் பேசுறாங்களா?" என்று கேட்க வைப்பார். தம்பிக்கு அதிலிருந்து கிடைத்த முடிவு, அப்பாவும் அவர்கள் கூட்டு.

அந்தக் குரல் கற்பனை மாதிரி மங்கலாக இருப்பதில்லை. காதால் கேட்பதுபோலவே கேட்கும். குரல் கேட்கும் நேரத்தில் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தபோது, நாம் பேசவும் கேட்கவும் பயன்படுத்துகிற பகுதிகளே வேலை செய்வதைக் கண்டிருக்கிறார்கள். அவருக்கு அது கேட்கிறது, உங்களுக்குக் கேட்கவில்லை. இரண்டும் உண்மை. அதையே சொல்லலாம். "எனக்கு அது கேட்கலைடா. ஆனா உனக்குக் கேக்குதுன்னா எவ்வளவு பயமா இருக்கும்னு புரியுது. டிவி சத்தம் வராத உள்ரூம்ல வந்து உக்காரு, வா." இதில் பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை. 'ஆமாம்டா, பேசத்தான் பேசுறாங்க' என்று ஒத்து ஊதவும் வேண்டாம். சில பேர் பாசத்தில் அதைச் செய்வார்கள். பின்னால் அதுவே சாட்சியாகிவிடும்.

குரல் என்ன சொல்கிறது என்று கேட்கலாம், கேட்க வேண்டும். 'செத்துப்போ', 'அவனை அடி' என்று கட்டளையிடும் குரலா என்பது டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டிய விஷயம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மானுடவியலாளர் டி. எம். லூர்மன், சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவர்களோடு சேர்ந்து செய்து 2015-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. சென்னை, கானா நாட்டின் அக்ரா, கலிஃபோர்னியாவின் சான் மடேயோ, மூன்று ஊர்களிலும் குரல் கேட்கும் நோயாளிகளிடம் அந்தக் குரல்களைப் பற்றி விசாரித்தார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் முகம் தெரியாத குரல்கள், வன்முறையான குரல்கள். சென்னையில் பலருக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல்: குளி, சமை, வீட்டைக் கூட்டு. நான் அதைப் படித்துவிட்டுத் தம்பியிடம் சொன்னேன். "எனக்கும் செத்துப்போன பெரியத்தை குரல்தான் நிறைய வரும், மோர் குடிக்கச் சொல்லும்" என்றான். அவன் எத்தனையோ வருடமாக மோர் விடாமல் குடிப்பதன் காரணம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இப்படிக் குரலைப் பற்றிச் சாதாரணமாகப் பேச முடிகிற வீட்டில், குரல் மோசமாகும்போதும் முதலில் உங்களிடம்தான் சொல்வார்கள்.

ரொம்பக் கலங்கியிருக்கும் நேரத்தில் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள், ஒரே ஆள் பேசுங்கள். சுற்றி நின்று நாலு பேர் புத்தி சொல்லக் கூடாது. கண்ணுக்குக் கண் முறைத்துப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்காருங்கள். கதவை மறித்துக்கொண்டு நிற்காதீர்கள், அவருக்கு வெளியே போக வழி இருக்கட்டும். அரிவாள்மனையை, மண்ணெண்ணெயை எடுத்து மறைப்பதெல்லாம் அவர் கவனிக்காத நேரத்தில் நடக்கட்டும். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை, அடி வாங்குகிறவர்களாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் பயந்துபோன மனிதன் தள்ளிவிட்டு ஓடப் பார்ப்பான். அதற்கு இடம் கொடுங்கள்.

கோயிலுக்குப் போகலாமா

போகலாம். திருச்சியிலிருந்து முசிறி போகிற வழியில் குணசீலம். பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலில் ஒரு மண்டலம் தங்கினால் மனநோய் தீரும் என்று தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் வருகிறார்கள். அம்மாவும் தம்பியோடு தங்கினாள். அங்கே அவனை யாரும் ஒரு மாதிரி பார்க்கவில்லை. நேரத்துக்குக் குளியல், நேரத்துக்குச் சாப்பாடு, உச்சிக்காலத் தீர்த்தம். அது அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. மாத்திரையையும் விடாமல் கொடுத்தாள். ஏர்வாடி தர்காவிலும் இப்போது பிரார்த்தனையோடு சேர்த்து அரசாங்க டாக்டரைப் பார்க்க ஏற்பாடு இருக்கிறது.

எந்த இடமானாலும் நான் பார்ப்பது இரண்டு விஷயம்தான். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களா? கட்டிப்போடுகிறார்களா? இரண்டில் ஒன்று இருந்தாலும் அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வந்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி விடிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. 'பாதுகாப்புக்குத்தான் கட்டுறோம்' என்று யார் சொன்னாலும் அது குற்றம். வீட்டுக்குள் ஒரு அறையில் போட்டுப் பூட்டி வைப்பதும் சங்கிலிக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை என்பது என் கருத்து.

டாக்டரிடம் அழைத்துப்போவது

'உனக்குப் பைத்தியம், வா' என்றால் யார் வருவார்? தனக்கு நோய் இருக்கிறது என்பதே தெரியாமல் போவது இந்த நோயின் ஒரு அங்கம். பிடிவாதம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அவரே சொல்கிற தொல்லை ஏதாவது இருக்கும்: தூக்கமில்லை, தலை பாரம், மனம் படபடக்கிறது. "மூணு நாளா நீ தூங்கலையே, அதுக்கு மட்டும் ஒரு டாக்டரைப் பார்த்துட்டு வந்துடுவோம்" என்பது உண்மையும்கூட. கண் டாக்டர், அத்தை வீடு என்று பொய் சொல்லி வண்டியில் ஏற்றாதீர்கள். ஒரு தடவை நடக்கும். அதற்கப்புறம் நீங்கள் நீட்டுகிற எந்த மாத்திரையையும் அவர் வாங்க மாட்டார்.

தனியார் மருத்துவமனைக்கு வசதி இல்லையென்று தள்ளிப்போடத் தேவையில்லை. தமிழ்நாட்டில் எல்லா மாவட்டத்துக்கும் மாவட்ட மனநலத் திட்டம் வந்துவிட்டது. முதலில் 1997-ல் தொடங்கியதே எங்கள் திருச்சியில்தான். மாவட்டத் தலைமை மருத்துவமனையில், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், மருந்தும் இலவசம். சென்னை என்றால் 1794-லிருந்து நடந்துவருகிற கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், அண்ணாநகரில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப். எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 14416. டெலி மானஸ் என்கிற அரசாங்க மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் 108.

போகும்போது ஒரு நோட்டு கொண்டுபோங்கள். இதை நான் எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்வேன். டாக்டருக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அதில் "ஒரு மாதிரி இருக்கான் சார்" என்று அழுதுகொண்டிருந்தால் நேரம் போய்விடும். எப்போதிலிருந்து மாறினார், முதலில் எது மாறியது, எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுந்தார், சாப்பாடு, குளியல், அவர் சொன்ன விநோதமான வார்த்தைகள் அவர் சொன்னபடியே, குடி, கஞ்சா, சொந்தத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, தற்கொலைப் பேச்சு உண்டா, இதுவரை சாப்பிட்ட மருந்துகளின் அட்டை. அட்டையைத் தூக்கிப் போடாமல் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது. "வெள்ளையா, சின்னதா ஒரு மாத்திரை" என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் எதை எடுத்துக் கொடுப்பேன்?

வரவே மாட்டேன் என்கிறார், ஆபத்தும் இருக்கிறது என்றால் அந்த 2017 சட்டத்தில் வழி இருக்கிறது. அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை விஷயத்தில் அவர் சார்பில் நிற்கிறவர், எழுதிக் கொடுத்து, இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பரிசோதித்து ஒப்புக்கொண்டால், 30 நாள் வரை சேர்த்துச் சிகிச்சை தரலாம். அது கடைசி வழி. அவர் தெளிவாக இருக்கும் காலத்திலேயே, மறுபடி மோசமானால் எந்த மருத்துவமனை வேண்டும், எந்தச் சிகிச்சை வேண்டாம், யார் பிரதிநிதி என்று எழுதி வைக்கிற உரிமையையும் அதே சட்டம் தருகிறது. தம்பி எழுதி வைத்திருக்கிறான். பிரதிநிதியாக என்னைப் போடவில்லை, என் கணவரைப் போட்டிருக்கிறான். "நீ அழுவ" என்றான்.

மாத்திரை

என் தொழில் என்பதால் இதில் கொஞ்சம் அதிகம் பேசுவேன்.

ரிஸ்பெரிடோன், ஓலான்சபின், அரிப்பிப்ரசோல், அமிசல்பிரைடு, ஹாலோபெரிடால், இப்படி ஏதோ ஒன்று எழுதுவார்கள். முதல் சில நாளில் தூக்கமும் பதற்றமும் கட்டுப்படும். குரலும் சந்தேகமும் அடங்க வாரக்கணக்கில் ஆகும். பத்தாவது நாளில் 'ஒன்றும் வேலை செய்யவில்லை' என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அப்புறம் நன்றாக ஆனதும், 'இனி எதற்கு' என்று நிறுத்துகிறவர்கள். முதல் தடவை வந்து குணமானவருக்கே குறைந்தது ஓரிரு வருடம் தொடரச் சொல்வார்கள், திரும்பத் திரும்ப வந்தவருக்கு இன்னும் நீண்ட காலம். எப்போது குறைப்பது என்பதை டாக்டரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இவை அடிமைப்படுத்தும் மாத்திரைகள் இல்லை. "தூக்க மாத்திரைதானே" என்ற கேள்விக்கும் இதுவே பதில்: தூக்கம் இவற்றின் ஒரு விளைவு மட்டும்தான்.

பக்கவிளைவை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் மாத்திரையை நிறுத்த வைப்பதே அதுதான். கண் மேலே சொருகிக்கொள்வது, கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்வது: பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் மருத்துவமனையில் ஒரு ஊசியில் சரியாகும். உட்கார முடியாமல் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே நடப்பது: இதை நோய் அதிகமாகிவிட்டது என்று தப்பாக நினைத்து மருந்தைக் கூட்டச் சொல்வார்கள், உண்மையில் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். கை நடுக்கம், விறைப்புக்கு டிரைஹெக்ஸிஃபெனிடில் கொடுப்பார்கள். அதை நாமாகவே கூட்டிக்கொண்டே போகக் கூடாது, மலச்சிக்கலும் மறதியும் வரும். பெண்களுக்கு ரிஸ்பெரிடோனும் அமிசல்பிரைடும் மாதவிலக்கை நிறுத்திவிடலாம், மார்பில் பால் கசியலாம். வெட்கப்பட்டுச் சொல்லாமலே இருந்து, கர்ப்பமோ என்று பயந்துபோய் என்னிடம் வந்த பெண்கள் உண்டு. டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார். கடும் காய்ச்சலோடு உடம்பு கட்டையாக விறைத்து, வியர்த்து, நினைவு தடுமாறினால் மட்டும் எதையும் யோசிக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

பசி பெரிய விஷயம். ஓலான்சபினிலும், பின்னால் சொல்லப்போகிற குளோசபினிலும் ராத்திரி பதினோரு மணிக்குப் பழைய சாதப் பானையைத் திறக்க வைக்கிற பசி வரும். எடை, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஆரம்பத்தில் ஒரு தடவை, மூன்று மாதத்தில் ஒரு தடவை, அப்புறம் வருடா வருடம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். டாக்டர் மறந்தால் நீங்கள் கேளுங்கள். இந்த நோயாளிகள் மற்றவர்களைவிடப் பத்து வருடத்துக்கும் மேல் சீக்கிரமாக இறக்கிறார்கள், அதில் பெரும்பங்கு இதய நோயால்தான். மனநோய்க்காரர் நெஞ்சு வலி என்றால் அதையும் மனநோய் என்று தள்ளிவிடுவது நம் ஊரில் சகஜம்.

பீடி, சிகரெட் பற்றி ஒன்று. புகை, கல்லீரலைத் தூண்டி ஓலான்சபினையும் குளோசபினையும் வேகமாகக் கரைத்துவிடுகிறது. புகைப்பவருக்கு மருந்து குறைவாகவே தங்கும். அதே ஆள் திடீரென்று சிகரெட்டை விட்டால் அதே அளவு மாத்திரை அதிகமாகிப்போய் நாள் முழுக்கத் தூங்கி விழுவார். விடுவது நல்லது. விடும்போது டாக்டருக்குச் சொல்லிவிட்டு விடுங்கள்.

இரண்டு மருந்தை ஒழுங்காகக் கொடுத்தும் கேட்காதவர்கள், ஏறத்தாழ மூன்றில் ஒருவர், அவர்களுக்குக் குளோசபின். தம்பிக்கு அதுதான். வெள்ளை அணுக்கள் குறையக்கூடும் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம், அப்புறம் மாதாமாதம் ரத்தம் பார்ப்பது வழக்கம். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். மலச்சிக்கலை அலட்சியம் செய்யக் கூடாது, குடல் அடைத்து உயிர் போனவர்கள் உண்டு. ராத்திரி வாயில் எச்சில் ஒழுகும், தலையணையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் போச்சு. இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே விழுங்கக் கூடாது, சின்ன அளவிலிருந்து டாக்டர் மறுபடி ஏற்ற வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் மாத்திரையை மறந்துவிட்டு வந்தவர்களுக்கு இது தெரிவதில்லை. இவ்வளவு தொல்லை இருந்தும் நான் இந்த மருந்தின் பக்கம்தான். தற்கொலை ஆபத்தைக் குறைப்பதில் இதற்கு ஈடில்லை. தம்பியைக் கடையில் உட்கார வைத்ததும் இதுதான்.

சாம்பாரில், காபியில் கலந்து கொடுப்பது. ஏன் செய்கிறார்கள் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் 'சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள்' என்று பயப்படுகிற மனிதனுக்கு உண்மையிலேயே கலந்து கொடுத்து, அவர் அதைப் பார்த்துவிட்டால்? அதற்குப் பதில், வாயில் வைத்ததும் கரைகிற மாத்திரை உண்டு. இரண்டு வாரம், நான்கு வாரத்துக்கு ஒரு தடவை போடுகிற ஊசி உண்டு. தினமும் மாத்திரைச் சண்டை நடக்கிற வீட்டுக்கு ஊசி பெரிய நிம்மதி, கேட்டுப் பாருங்கள்.

மாத்திரைக்கு எட்டாதது

குரல் அடங்கிய பிறகுதான் பல வீடுகளில் நிஜமான சண்டை தொடங்குகிறது. குளிக்க மாட்டார், பேச மாட்டார், எப்போதும் படுக்கை. "இப்பதான் நல்லா ஆயிட்டானே, சோம்பேறித்தனம்" என்பார்கள். ஆசை, உற்சாகம், முகபாவம் எல்லாம் வற்றிப்போவதும் நோய்தான். இன்றைய மருந்துகள் அதைத் தொடுவது குறைவு. திட்டினால் அது நகராது. 1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனித்தார். பெற்றோரோடும் மனைவியோடும் போய்ச் சேர்ந்தவர்களைவிட, வாடகை அறையில் தங்கியவர்கள் நன்றாக இருந்தார்களாம். பின்னால் வந்த ஆய்வுகள் காரணத்தைத் தெளிவாக்கின. ஓயாமல் குறை சொல்கிற வீட்டிலும், கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் தனியாக விடாத வீட்டிலும் நோய் சீக்கிரம் திரும்புகிறது. இரண்டாவதை நம் அம்மாக்கள் கவனிக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை, அதுவும் முடிகிற வேலை. 'போய் ஏதாவது வேலை பாரு' என்பது வேலையே இல்லை. 'பத்து மணிக்கு ரெண்டு பாக்கெட் பால் வாங்கிட்டு வா' என்பதுதான் வேலை. தம்பி கடையில் காலாவதி தேதி பார்ப்பதில் தொடங்கினான். தினம் ஒரு அலமாரி. கூட்டம் வந்தால் பின்னால் போய்விடுவான், மாலை நெரிசலில் கடைப் பக்கமே வர மாட்டான். சரி. ஒரு மாத்திரை அட்டையும் காலாவதியாகி என் கடையில் நின்றதில்லை. அவனுக்குச் சம்பளம் உண்டு, சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு உண்டு.

கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகும் என்று சொல்ல ஒரு மாமா கட்டாயம் இருப்பார். சரியாகாது. ஊர் விட்டு ஊர், தூக்கம் கெடுவது, மறைத்த மாத்திரையை நிறுத்துவது, எல்லாம் சேர்ந்து முதல் மாதத்திலேயே நோய் திரும்பும். நோய் கட்டுக்குள் வந்து, எதிர்த்தரப்புக்கு எல்லாம் தெரிந்து, அவர்களும் சம்மதித்துச் செய்கிற கல்யாணம் வேறு. அப்படி நன்றாக வாழ்கிறவர்கள் என் வாடிக்கையாளர்களிலேயே இருக்கிறார்கள். மறைத்துச் செய்ததில் பெண் பிள்ளைக்குத்தான் நஷ்டம் அதிகம். திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

திரும்ப வருகிறதா

ஒவ்வொருவருக்கும் தனி அடையாளம் இருக்கும், ஒரே வரிசையில் வரும். தம்பிக்கு முதலில் தூக்கம் போகும், அப்புறம் ஜன்னலைச் சாத்துவான், அப்புறம் மோரை முகர்ந்து பார்ப்பான். மூன்றாவது வரும்வரை நாங்கள் காத்திருப்பதில்லை, இரண்டு ராத்திரி தூங்கவில்லை என்றாலே டாக்டருக்கு போன். உங்கள் வீட்டு வரிசையை அவர் நன்றாக இருக்கும்போது அவரோடு உட்கார்ந்தே எழுதுங்கள். அவருக்குத்தான் உங்களைவிட முன்னதாகத் தெரியும்.

நோய் தெளிந்த காலத்தில் வருகிற சோகத்தையும் கவனியுங்கள். படிப்பு போச்சு, கூடப் படித்தவன் வெளிநாட்டில் இருக்கிறான் என்று தெரிய வருகிற நேரம் அது. இந்த நோயாளிகளில் ஏறத்தாழ இருபதில் ஒருவர் தற்கொலையில் முடிகிறார், ஆபத்து அதிகம் முதல் சில வருடங்களில். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. தோன்றுகிறது என்றால் தனியாக விடாமல், மாத்திரை டப்பாவை உங்கள் பொறுப்பில் வைத்துக்கொண்டு, அன்றைக்கே டாக்டர்.

காகித வேலை

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் 21 வகைகளில் ஒன்று. அரசு மருத்துவமனை மனநல மருத்துவர், நோயாளி தன்னைப் பராமரித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது, இந்த நான்கையும் நோயின் காலத்தையும் மதிப்பிட்டுச் சதவீதம் போடுவார். 40-ம் அதற்கு மேலும் என்றால் சலுகைகளுக்கு அடையாள அட்டை. 'எல்லாம் நல்லா செய்வான் சார்' என்று டாக்டரிடம் பெருமை பேசிவிட்டு வந்து, சதவீதம் குறைந்துவிட்டது என்று புலம்பாதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள். நேஷனல் டிரஸ்ட் என்ற மத்திய அரசு அமைப்பு மூலம் பாதுகாவலர் நியமனம் கிடைக்கும் என்று பலர் அலைகிறார்கள். அந்த 1999-ம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்குத்தான். மனநோய் அதில் இல்லை.

அப்பாவோ அம்மாவோ அரசு ஓய்வூதியர் என்றால், மனநோயால் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு அவர்கள் காலத்துக்குப் பிறகும் குடும்ப ஓய்வூதியம் தொடர விதியில் இடமுண்டு. அதற்கான சான்றிதழையும் பெயர்ப் பதிவையும் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். பிறகு அலுவலகம் அலுவலகமாக அலைவது அண்ணன் தங்கைகள்தான். காப்பீட்டு நிறுவனங்களும் உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. பாலிசி எடுக்கும்போது நோயை மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் அதைச் சொல்லியே பணத்தை மறுப்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை முடிவு, அடையாள அட்டை, பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே ஃபைலில் போட்டு, ஒரு நகலை வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டிலும் வையுங்கள்.